இருநூறு அடி, ஒரு அடி குறையாமல்

போடிநாயக்கனூரில் எரநூறடியைப் போல சட்டத்தை மதித்த மனிதர் யாருமில்லை. அவரைப் போல சட்டத்தை மீறிய மனிதரும் யாருமில்லை. மீறியது மொத்தமே பதினோரு நிமிடம். மதித்தது இருபத்தைந்து வருடம். ஆனால் ஊர் அவருக்குப் பெயர் வைத்தது அந்தப் பதினோரு நிமிடத்தை வைத்துத்தான்.

அவருடைய நிஜப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒருமுறை அச்சில் ஏறி அவரைப் படுத்திய பாடே போதும். ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் எரநூறடி. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு எரநூறண்ணே. எனக்கு வெறும் அண்ணே. அவரிடம் நான் சொல்லியே தீரவேண்டிய ஒரு விஷயம் இருந்தது. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்ற பயத்தில் கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டேன்.

முதலில் அந்தப் பதினோரு நிமிடம்.

அப்போது அவர் விமானப்படையில் விமானி. சிலமலையில் வாழ்க்கைப்பட்ட அவருடைய தங்கை பேச்சியம்மாள், தன் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார். எங்கள் பக்கத்துக் காதுகுத்தில் குழந்தைக்கு அடுத்தபடி முக்கியமான ஆள் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் வரவில்லை என்றால் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த பத்து விசேஷத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும். அண்ணன் விடுப்பு கேட்டார். கிடைக்கவில்லை. வடநாட்டு மேலதிகாரியிடம் விஷயத்தை விளக்கியிருக்கிறார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஓட்டை போடுவது நீங்களா?" என்று கேட்டாராம். இல்லை என்று உண்மையைச் சொன்னதும் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அண்ணன் தங்கைக்குப் போன் போட்டார்.

"லீவு இல்ல தாயி. ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில ஒக்கார வச்சுக் குத்திருங்க."

"நீ வராம எம் மகளுக்குக் காதே வேணாம்."

"காதே வேணாமா?"

"ஓட்ட வேணாம்."

அந்தப் பக்கம் ஏதோ வரைபடம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "பத்தே முக்காலுக்கு வந்துருவேன். மடியில வச்சுக்க முடியாது, தலைக்கு மேல நிப்பேன். ஆசாரிய ரெடியா இருக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

பேச்சியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தே முக்காலுக்குப் புரிந்தது.

நானும் அன்று அங்கே இருந்தேன். அப்போது நான் பத்திரிகையில் எழுத ஆரம்பிக்கவில்லை; போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வடநாட்டு வியாபாரிகளிடம் போனில் இந்தி பேசுவது என் சோலி. முதலாளி தன் சார்பில் விசேஷத்துக்கு என்னை அனுப்பியிருந்தார். தென்னந்தோப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வெட்டவெளியில் பந்தல். இருபத்தொரு சீர்த்தட்டு வரிசையாக இருக்க, தாய்மாமன் இடத்தில் ஒண்ணுவிட்ட அண்ணன் திருட்டுமுழியோடு உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். அப்போது போடிமெட்டு மலைச்சரிவை ஒட்டி ஒரு சத்தம் இறங்கியது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் நான் பார்த்தது மண்ணை மட்டும்தான். பந்தலில் இருந்த எல்லோரும் குப்புறக் கிடந்தோம். எழுந்து பார்த்தபோது பந்தல் துணி தோப்புக்குள் போயிருந்தது. சீர்த்தட்டிலிருந்த ஆப்பிள்கள் வாய்க்காலில் மிதந்தன. ரேடியோ குழாயின் வாய்க்குள் ஒரு இளநீர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. விருந்துக்குக் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மூன்றாம் நாள் பொட்டிபுரத்தில் கிடைத்தது. அதற்கப்புறம் அதை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. குழந்தையின் வலது காது ஒழுங்காகக் குத்தியாயிற்று. இடது காதுக்கு ஊசி வைத்த நேரத்தில்தான் விமானம் வந்தது. ஓட்டை அரை விரல் மேலே ஏறிவிட்டது. குழந்தை அழவே இல்லை. வானத்தைப் பார்த்துக் கைகொட்டியது.

பேச்சியம்மாள் ஒருத்தர்தான் விழாமல் நின்றார். ஒரு கையைத் தூக்கியபடி நின்றார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். விமானம் பத்திரமாகத் திரும்பிவிட்டது. பதினோரு நிமிடம் பாதை மாறியதை யாரும் கவனிக்கவில்லை. கெடுத்தவர் தங்கை புருஷன் சுருளி. நல்ல மனுஷர், மச்சான் மேல் உயிரையே வைத்திருந்தவர். நன்றி சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. எங்கள் ஊரில் நன்றியைச் சுவரொட்டியில்தான் சொல்வார்கள். 'வானில் வந்து வரிசை செய்த வான்படைச் சிங்கமே! தென்னை உயரத்தில் பறந்து எங்கள் தலை நிமிர வைத்த தாய்மாமனே!' என்று போட்டு, கீழே பெயர், பதவி, சீருடையில் படம், தேதி, நேரம் எல்லாம் அச்சடித்துவிட்டார். ஒரு குற்றப்பத்திரிகைக்கு வேண்டிய சகலமும் அதில் இருந்தது. போடி பஸ் நிலையம் பூராவும் ஒட்டினார்கள். இடம் போதாமல் மதுரை பஸ்ஸின் முதுகிலும் ஒன்றை ஒட்டினார்கள். அது ஊர் ஊராகப் போய், பார்க்கக் கூடாத யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது.

பத்து நாளில் விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் சிலமலைக்கு வந்து இறங்கினார்கள். இந்தி தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோப்பில் கட்டில் போட்டு, இளநீர் வெட்டி, சுருளி தடபுடலாக வரவேற்றார். மச்சானுக்கு மெடல் கொடுப்பதற்காக விவரம் கேட்க வந்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு.

"விமானம் எவ்வளவு உயரத்தில் வந்தது?" என்று பெரிய அதிகாரி கேட்டார்.

"ஒசரமா? ஒசரமே இல்லங்க சார். அந்தா நிக்குதுல்ல தென்ன, அதோட கீத்தத் தடவிட்டுப் போனாக எங்க மச்சான்" என்றார் சுருளி.

ஒண்ணுவிட்ட அண்ணனுக்குப் பொறுக்குமா? "கீத்தா? எளநிக் கொலைய உரசிட்டுப் போச்சுங்க. நான் கைய நீட்டியிருந்தா சக்கரம் எட்டியிருக்கும்."

"நீட்டுனேனே! எட்டுச்சே!" என்றார் பின்னாலிருந்து சமையல்காரர்.

எனக்குத் தெரிந்து அத்தனை பேரும் மண்ணைக் கவ்விக் கிடந்தவர்கள். ஆனாலும் ஆளாளுக்கு விமானத்தைக் கீழே இறக்கினார்கள். எவ்வளவு கீழே வந்தாரோ அவ்வளவு பாசம், அவ்வளவு மரியாதை என்பது அவர்கள் கணக்கு. உயரத்தில் போனார் என்று சொன்னால் தாய்மாமன் தள்ளி நின்று சீர் செய்ததாக ஆகிவிடாதா? கடைசியாகப் பேச்சியம்மாளைக் கேட்டார்கள்.

"நான் ஒசரத்தப் பாக்கல சார். அண்ணனப் பாத்தேன். 'சாப்ட்டியாண்ணே'ன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சத்தத்துல கேக்கல."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். தென்னை, கீற்று, குலை என்றெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது, அடிக்கணக்கு வேண்டும் என்றார். "நீங்கள் படித்தவர். நீங்களும் அங்கே இருந்திருக்கிறீர்கள். உங்கள் மதிப்பீடு என்ன?"

படித்தவர் என்று அவர் சொன்னதில் நான் கவிழ்ந்தேன். 'நான் குப்புறக் கிடந்தேன் சார், எதையும் பார்க்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. நான் என்ன செய்தேன் என்றால், தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு கண்ணை மூடி, பெரிய எஞ்சினியர் மாதிரி யோசித்து, "அறுபது அடி, சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

அங்கே விமானப்படை விசாரணையில் அண்ணன், தான் வந்தது இருநூறு அடி என்று சாதித்திருக்கிறார். இருநூறு என்றால் கண்டனத்தோடு போயிருக்கும், அறுபது என்பதால் வேலையே போயிற்று என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சட்டப்படி அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறுபது என் வாயிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு போடிக்கு வந்து சேர்ந்தார். யாரையும் திட்டவில்லை. சுருளி காலில் விழப் போனபோது, "எந்திரிங்க மாப்ளே, போஸ்டர்ல எம் போட்டோ நல்லா விழுந்திருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். ஒரே மாதத்தில் ஜீப் ஓட்ட ஆரம்பித்தார். விடியற்காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அழைத்து வருகிற சோலி.

அங்கேதான் அவருடைய சட்டம் ஆரம்பமாயிற்று. விமானிகள் கிளம்புமுன் சரிபார்ப்பது போல, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை வைத்திருந்தார். ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் வண்டி நகராது.

"பிரேக்கு?"

"புடிக்குது!"

"ஹாரனு?"

"கேட்டுச்சு!"

"தூக்குச்சட்டி மூடி?"

"இறுக்கியாச்சு!"

மூடி விஷயம் முதல் வாரம் வளைவில் சாம்பார் கொட்டியதால் சேர்த்தது. "வெத்தல?" "போட்டாச்சு!" என்பது பெண்களாகச் சேர்த்தது. அவர் மறுக்காமல் அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு அதுவும் சட்டம். ஒருநாள் ஒரு அம்மாள் வெற்றிலை மறந்துவிட்டார் என்று வண்டியை நிறுத்தி, கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மற்ற ஜீப்புகளில் பதினாறு பேர் ஏறுவார்கள், பின்னால் மூன்று பேர் தொங்குவார்கள். எரநூறடி ஒன்பது பேருக்கு மேல் ஏற்ற மாட்டார். பத்தாவது ஆள் சொந்தத் தங்கையே ஆனாலும் கிடையாது. மேட்டில் மூடுபனி இறங்கினால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்வார். மேலே கேரளத்துத் தோட்டத்துக் கங்காணி, நேரமாச்சு என்று போனில் மலையாளம் கலந்து கத்துவார்: "சமயம் எத்ரயாயின்னு அறியாமோ எரநூறே? பெண்ணுங்களெ எப்பய்யா கொண்டாருவே?" இவர் அசைய மாட்டார். "கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குப் போக எனக்கு அனுமதி இல்ல" என்பார். யாருடைய அனுமதி என்று யாரும் கேட்டதில்லை.

பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "பிளேனு ஓட்டுன ஆளுன்னு வெரசாப் போகலாம்னு ஏறுனா, மாட்டு வண்டி முந்திட்டுப் போகுது" என்றார்கள். ஒரு மழைக்காலத்தில், முந்திக்கொண்டு போன ஜீப் ஒன்று பாரம் தாங்காமல் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் பள்ளத்துப் பக்கம் தொங்க நின்றுவிட்டது. அண்ணன் தன் வண்டியைக் கயிற்றால் அதோடு பிணைத்து, உள்ளேயிருந்த பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராக இறக்கினார். கடைசியில் அந்த டிரைவரை உட்கார வைத்து அட்டையை முழுதும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவன் அழுதுகொண்டே வெற்றிலை வரைக்கும் வாசித்தான்.

"கீழ என்ன இருக்கு, யாரு இருக்கான்னு பாத்தியாடா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். "நானும் ஒருநா பாக்கல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாளிலிருந்து அவருடைய ஒன்பது இடத்துக்குப் பெண்களிடையே அடிதடி.

எல்லாவற்றிலும் சாந்தமான மனுஷர், அந்த இருநூறு விஷயத்தில் மட்டும் பொல்லாதவர். டீக்கடையில் யாராவது அறுபது என்று வாயெடுத்தால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வருவார். "எரநூறு அடி. ஒரு அடி கொறையல." இதைத் தினம் சொல்லிச் சொல்லித்தான் பெயரே வந்தது. ஒரு தடவை சிலமலைக்கு இருநூறு அடி நூலை அளந்து கொண்டுபோய், ஒரு பட்டத்தை அதே தோப்புக்கு மேல் ஏற்றி, பழைய சாட்சிகளை எல்லாம் வரவழைத்து விசாரணை வைத்தார்.

"பாருங்க. இதுக்குக் கீழயா வந்தேன்?"

சுருளிக்கு இப்போது விவரம் தெரிந்துவிட்டதே! "என்ன மச்சான் இப்படிக் கேட்டுப்புட்டீக? எரநூறா? நானூறு இருக்கும்!" என்றார். ஒண்ணுவிட்ட அண்ணன், "மேகத்துக்கு மேல போச்சு, எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார். சமையல்காரர், அன்றைக்கு விமானமே வரவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாரானார்.

"எரநூறுய்யா! ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம்!" என்று அண்ணன் தோப்பே அதிரக் கத்தினார். நான் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பட்டம் அறுந்து போனது.

போன மாதம் ஒருநாள், "கண்ணு மங்குது. நாளையோட வண்டிய நிறுத்துறேன். கூட வா" என்று என்னை அழைத்தார். வண்டி ஓட்டலாம் என்றுதான் டாக்டர் சொன்னாராம். இவர்தான் தன்னைத்தானே தரையில் இறக்கிக்கொண்டார். கடைசி நாளும் அட்டை வாசித்து, பெண்கள் சத்தம் போட்டுப் பதில் சொல்ல, மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் திரும்பி இறங்கினோம். ஒரு வளைவிலிருந்து பார்த்தால் சிலமலைத் தோப்பு கீழே பச்சையாகத் தெரியும். இதை விட்டால் இனி இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணே, அந்த அறுபது... நாந்தாண்ணே சொன்னேன். நான் எதையுமே பாக்கல. பெரிய மனுஷன் மாதிரி சொல்லிப்புட்டேன்."

அவர் வளைவை முழுசாகத் திரும்பி, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்தார்.

"தெரியும். விசாரணைக் காகிதத்துல பக்கத்துக்குப் பக்கம் ஒன் கையெழுத்து இருந்துச்சுல்ல. மொத நாளே பாத்துட்டேன்."

"அப்புறம் எப்படிண்ணே எங்கூடப் பேசுனீக?"

"ஒம்மேல என்ன கோவம்? நீ இருவது அடி கூட்டிச் சொல்லியிருந்தே."

எனக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நாப்பதுடா" என்றார். "தோப்புக்கு மேல போகல. தோப்புக்கும் பந்தலுக்கும் நடுவுல இருந்த சந்துல போனேன். மேல இருந்து பாத்தப்ப விளையாட்டு மாதிரி இருந்துச்சு. உள்ள நொழஞ்சதும் எல்லாரும் மண்ணுல விழுந்து கெடக்குறது தெரிஞ்சுச்சு. பாப்பா தெரிஞ்சா. கை ஒரு நூலு அசைஞ்சிருந்தா அத்தன பேரும் போயிருப்பீக. எந் தங்கச்சி கூப்பிட்டான்னு வந்து, அவ குடும்பத்தையே கொன்னுருப்பேன். வேல போனது ஒரு தண்டனையே இல்ல. எரநூறுன்னு சொன்னா அவளாவது பயப்படாம தூங்குவான்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி அதவிட்டு எறங்க முடியல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "நீ பத்திரிகையில எழுதுறவன்தான? எழுது. நாப்பதுன்னே போடு. கீழ பறக்குறதப் பெருமைன்னு நெனைக்குற எவனாவது படிக்கட்டும். ஆனா அந்தப் புத்தகம் சிலமலைக்குப் போகாமப் பாத்துக்க" என்றார்.

சிலமலைக்கு நான்தான் போனேன். அந்தக் காதுகுத்துக் குழந்தை இப்போது பள்ளிக்கூட டீச்சர். இடது தோடு அரை விரல் மேலே ஏறித்தான் இருக்கிறது. கல்யாணத்தின்போது வேறு ஓட்டை குத்திக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்கு, "இது எங்க மாமா வந்ததுக்கு அடையாளம், மூட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்ற பெண். பேச்சியம்மாளிடம், அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் தோப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னைக்கு எளச்சுப் போயிருந்தான்யா. கன்னம் ஒட்டிப்போயி, மோவாயில பிளேடு கிழிச்ச காயம் ஒண்ணு. அதான் சாப்ட்டியான்னு கேட்டேன். எரநூறு அடியில பிளேடுக் காயம் தெரியுமா? அவன் எரநூறுங்குறான். எனக்காகத்தான் சொல்றான். இருந்துட்டுப் போகட்டும். எனக்குத் தெரியும்னு அவங்கிட்டச் சொல்லிராதீக."

ஆகவே இந்த வாரம் போடி பஸ் நிலையக் கடைக்கு வரும் இந்தப் பத்திரிகைப் பிரதிகளை எல்லாம் நானே வாங்கிவிடுவதாக இருக்கிறேன். அப்படியும் ஒன்று தப்பிப் போய் அந்த அண்ணன் கையிலோ தங்கை கையிலோ கிடைத்து, வாசித்துக் காட்டச் சொன்னால், வாசிப்பவர்கள் தயவுசெய்து இருநூறு என்றே வாசியுங்கள். ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.